வளைவுக்கு அப்பால் மூன்று வீடுகள்

முருகா சரணம்
புசாவல், 12.2.2023

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

தங்கை தேவயானி வணங்கி எழுதுவது. இங்கே நானும் அவரும் சுகம். அங்கே நீங்கள், வளவன், மருமகள் கனிமொழி, குழந்தை அபி எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்குக் காது சுத்தமாகப் போன பிறகு போன் செய்வதில் பிரயோஜனம் இல்லை. அதனால் பழையபடி பேனாவை எடுத்துவிட்டேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இருபத்தெட்டு வருஷமாக மராத்திக்காரர்கள் நடுவில் இருந்தவளுக்கு 'ழ' போடவே தயக்கமாக இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், அவருக்கு அடுத்த ஏப்ரலில் ரயில்வேயிலிருந்து ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். "எங்க போலாம்?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை. "திருத்தணி. எங்க அண்ணன்கிட்ட" என்றேன். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. கடைசிக் காலத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஒரு மனிதர் வேண்டும். உங்கள் லாட்ஜுக்குப் பின்னால் நைனா நமக்கு விட்டுப்போன வீட்டில் இரண்டு அறை போதும். நீங்கள் முன்னால் ரூம் பாருங்கள், நான் பக்தர்களுக்கு இட்லி அவித்துப் போடுகிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பதில் சீக்கிரம் போடுங்கள்.

தங்கள் தங்கை
தேவயானி


முருகன் துணை
திருத்தணி, 20.3.2023

அன்புத் தங்கை தேவயானிக்கு,

அண்ணன் பக்தவச்சலம் ஆசீர்வதித்து எழுதுவது. உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பங்குனி வேலைகளால் பதில் எழுதத் தாமதம். நாங்கள் எல்லோரும் நலம். வளவனும் கனிமொழியும் உன்னை விசாரித்தார்கள். மாப்பிள்ளைக்கு மூச்சிரைப்பு இருந்ததே, இப்போது எப்படி?

நீங்கள் இந்தப் பக்கம் வருவது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் இந்த வீடு உங்களுக்கு ஒத்துவருமா என்று யோசித்தேன். வயதான கட்டடம். மாப்பிள்ளை அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் காற்றோட்டமாக இருந்து பழகியவர். வளவன் இப்போது மனை விற்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருக்கிறான். கனகம்மாசத்திரம் தாண்டி, மெயின் ரோட்டை ஒட்டி நல்ல மனைகள் போட்டிருக்கிறார்களாம். வீடு கட்டியும் தருகிறார்களாம். நல்ல காற்று, அகலமான தெரு. உங்களுக்கு அது வசதி என்று எனக்குப் படுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அண்ணன்
பக்தவச்சலம்


முருகா சரணம்
புசாவல், 2.4.2023

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அங்கே எல்லோரும் நலமாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. "அண்ணன் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன். காலை வேலையெல்லாம் முடித்துவிட்டு மறுபடி நான் மட்டும் படித்தேன். எத்தனை முறை படித்தாலும் ஒரே அர்த்தம்தான் வருகிறது. வராதே என்கிறீர்கள்.

நைனா போகும்போது, "வீடு ரெண்டு பேருக்கும்டா" என்று சொன்னதை நான் உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. நான் பாகம் பிரிக்கக் கேட்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கவில்லை. இரண்டு அறை கேட்டேன். அதற்கு நீங்கள் என்னைக் கனகம்மாசத்திரம் தாண்டி ரோட்டோரத்தில் இறக்கிவிடுகிறீர்கள். உங்கள் பிள்ளைக்கு ஒரு மனை விற்றால் கமிஷன் வரும் என்பது எனக்கும் தெரியும்.

அதிகம் எழுதிவிட்டேன். எழுதியதைக் கிழிக்கப் போவதில்லை.

தேவயானி


முருகன் துணை
திருத்தணி, 15.4.2023

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

வீட்டில் பாதி உன்னுடையது. அதில் எனக்கு எந்தக் காலத்திலும் வேறு எண்ணம் வந்ததில்லை. தாம்பாளத்தில் வைத்துத் தருவேன். நீ வந்து இருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லக்கூடியவனா?

பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு தெருவில் கொஞ்சம் நடமாட்டம் குறைவு. கார் வைத்திருப்பவர்கள் மெயின் ரோட்டிலிருந்து நேரே மலைமேல் ஏறிவிடுகிறார்கள். சாமி பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

கோபத்தை வைத்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்
பக்தவச்சலம்


முருகா சரணம்
புசாவல், 9.11.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏழு மாதம் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். அவருக்கு மழைக்காலம் முழுக்க நெஞ்சுச்சளி, ரயில்வே ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். இப்போது பரவாயில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இதை நான் உண்மையாகவே கேட்கிறேன், உண்மையாகவே பதில் எழுதுங்கள்.

தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்ல வளவனுக்குப் போன் செய்தேன். கனிமொழி எடுத்தாள். "அண்ணாவுக்கு என்ன பலகாரம் செஞ்சே?" என்று கேட்டேன். "மாமாவுக்கு இவரு கொண்டுபோய்க் குடுத்துட்டு வருவாருங்க அத்தே" என்றாள். கொண்டுபோவதா? எங்கிருந்து எங்கே? அப்புறம்தான் வந்தது. "நாங்க பைபாஸ் பக்கம் வந்து ரெண்டு வருசம் ஆவுதே, மாமா சொல்லலியா?"

இரண்டு வருஷம் அண்ணா. அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு, 'வளவனும் கனிமொழியும் விசாரித்தார்கள்' என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஏன்?

வளவனும் போனை வாங்கிப் பேசினான். "நைனா வரமாட்டேங்குது அத்தே. அந்தத் தெருவுல இன்னா இருக்குது? கடை, ஸ்கூலு, டாக்டரு எல்லாம் ரோட்டுக்கு வந்துகினு இருக்குது. நீங்க கனகம்மாசத்திரத்துக்கு வந்துருங்க. நைனா வீட்டுக்குப் பத்தே நிமிசம்" என்றான். அவருக்கும் பிடித்துவிட்டது. ஓய்வுப் பணம் வந்ததும் கொடுப்பதாகச் சொல்லி, கட்டிய வீடு ஒன்றைப் பேசி முடித்துவிட்டோம். பத்து நிமிஷம்தானே, வந்து உங்களை என்னோடு அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன். சண்டை போட்டாவது.

உங்கள் தேவயானி


முருகன் துணை
திருத்தணி, 21.11.2023

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உண்மையாகவே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்: முழங்கால் வலி இருக்கிறது, பசி இருக்கிறது, தூக்கம் வருகிறது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

வளவன் போனதை உனக்கு எழுத மூன்று முறை காகிதம் எடுத்தேன். என்ன எழுதுவது? யாரும் யாரையும் விரட்டவில்லை. பஸ் ஸ்டாண்டை மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதுமே டாக்டர் ரோட்டுப் பக்கம் இடம் வாங்கிவிட்டார். அவர் போனதும் மருந்துக் கடை போயிற்று. பிறகு ஹோட்டல். பிறகு அபியின் ஸ்கூல் வேன் நம் தெருவுக்குள் வராது என்று சொல்லிவிட்டார்கள், இங்கே ஏறுகிற பிள்ளை அவள் ஒருத்திதான். அந்த வருஷ மழையில் சாக்கடை வீட்டுக்குள் ஏறியது. அதை அள்ள முனிசிபாலிட்டியில் ஆள் கேட்டுப் போனால், "வரி கட்ற வீடு இப்ப அங்க எத்தனி இருக்குது பெரியவரே?" என்று கேட்கிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. வளவன் ஒரு வண்டி கொண்டுவந்து நிறுத்தினான். அப்போது எனக்குக் கொஞ்சம் காது கேட்டுக்கொண்டிருந்தது. "நீயும் ஏறு நைனா. இந்த நாத்தத்துல இன்னாத்துக்குக் குந்திகினு இருக்கற?" என்று கத்தினான். "லாட்ஜ்ல ஆளுங்க இருக்காங்கடா" என்றேன். அது உண்மைதான். எட்டு ரூமிலும் ஆள் இருந்தார்கள். பக்தர்கள் இல்லை, வடக்கிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்கள். ரோட்டில் எழும்பும் புது வீடுகளை அவர்கள்தான் கட்டுகிறார்கள். காலையில் இங்கிருந்து லாரியில் போய் வீடு கட்டிவிட்டு, இரவு இங்கே வந்து படுப்பார்கள். நம் தெருவைக் காலி செய்கிற வேலைக்கு நானே படுக்கை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்திருந்தாலும் வேறு என்ன செய்திருப்பேன்? அவர்களை விட்டால் வேறு யாரும் வரவில்லையே.

உன்னை இங்கே வராதே என்று சொன்னது இதற்காகத்தான். பகலில் குடிக்கிறவர்கள் வாசற்படியில் உட்காருகிறார்கள். அதை நீ பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

வீடு பேசி முடித்தது சந்தோஷம். அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. வளவன் சொன்னதைத்தான் உனக்கு எழுதினேன்.

பக்தவச்சலம்


முருகா சரணம்
கனகம்மாசத்திரம் அருகில், 30.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

குடி வந்து மூன்று வாரம் ஆகிறது. நாங்கள் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். அன்றைக்கு ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து உங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நீங்கள் இவ்வளவு மெலிந்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. "கூட வாங்க" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். "ரெண்டு ரூம்ல இன்னும் ஆளு இருக்காங்கம்மா" என்றீர்கள்.

இந்த இடத்தைப் பற்றி அன்றைக்குச் சொல்ல முடியவில்லை, இவர் பக்கத்தில் இருந்தார். ரோட்டில் பெரிய வளைவு ஒன்று கட்டி, இரண்டு யானை பொம்மை வைத்திருக்கிறார்கள். உள்ளே பார்த்த இடமெல்லாம் எல்லைக் கல். எல்லாம் விற்றுப்போன மனைகளாம். வாங்கியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், விலை ஏறட்டும் என்று. மொத்தம் மூன்று வீடு. ஒன்றில் நாங்கள். ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்றில் வாட்ச்மேன் ஆறுமுகமும் அவர் மனைவியும். "முன்ன இது எங்க நெல்லு வயலுதாம்மா. இப்ப அதுக்கே காவல் காக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தார். தண்ணீர் லாரியில் வருகிறது. ஆஸ்பத்திரி வரப் போகிறது என்று எழுதிய பலகை இருக்கிறது. பலகையின் பெயிண்ட் உரிந்துவிட்டது.

நம் வீட்டுக்குப் பத்து நிமிஷம் என்பது கார் உள்ளவனுக்கு. இங்கே பஸ் நிற்காது. சத்திரம் வரை நடக்க வேண்டும். அங்கே ஏறினால் புது பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறான். அங்கிருந்து நம் தெருவுக்கு வர ஆட்டோக்காரர்கள் யோசிக்கிறார்கள், திரும்பும்போது சவாரி கிடைக்காதாம். இவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. இவரைத் தனியாக விட்டு என்னாலும் வர முடியாது.

ஆகவே கடிதம். தபால்காரர் இங்கே வருவதில்லை. ரோட்டில் முனியன் டீக்கடைக்குப் போடுங்கள், ஆறுமுகம் வாங்கி வருவார்.

தேவயானி


முருகன் துணை
திருத்தணி, 5.8.2024

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் அரக்கோணத்துக்கும் எங்கெங்கோவும் போய்ச் சுற்றி, பன்னிரண்டாம் நாள் வந்தது. புசாவலிலிருந்து நீ போட்டவை இதைவிட விரைவாக வந்தன.

ஆடிக் கிருத்திகை முடிந்தது. மூன்று நாளும் தெருவில் ஜனம். காவடி, மேளம் எல்லாம் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஊமைக் கூத்து மாதிரி இருந்தது. யாராவது ரூம் கேட்பார்கள் என்று காலியாக இருந்த ரூம்களில் எல்லாம் விரிப்பு மாற்றி வைத்தேன். எல்லோரும் வேனிலேயே படுத்து வேனிலேயே போய்விட்டார்கள். ஒரு குடும்பம் மட்டும் உள்ளே வந்தது. ரூம் வேண்டுமா என்று கேட்டேன். அந்த அம்மாள் கையைக் காட்டிக் கேட்டது கக்கூஸ். திறந்துவிட்டேன். மறுநாள் விடிந்தபோது தெருவில் தண்ணீர்ப் பாக்கெட்டும் எலுமிச்சம்பழத் தோலும்தான் இருந்தன.

வேலைக்காரர்களில் கடைசி இருவரும் போய்விட்டார்கள். உங்கள் பக்கம் வீடு கட்டுவது நின்றுவிட்டதாம். மனை விற்கிறது, வீடு எழும்பவில்லை. போகும்போது ஒருவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. லாட்ஜ் பலகையை இறக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

உன்னிடம் வந்துவிடலாம் என்று ஒருநாள் பையில் வேட்டி எல்லாம் எடுத்து வைத்தேன். பிறகு, இந்த வீட்டைப் பூட்டினால் ஒரு மாதத்தில் கதவு ஜன்னல் மிஞ்சாது என்று தோன்றியது. பக்கத்து வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. உன் பாதியும் இதில் இருக்கிறது. அதனால் இருக்கிறேன்.

மாப்பிள்ளையைப் புழுதியில் நடக்க விடாதே.

பக்தவச்சலம்


முருகன் துணை
திருத்தணி, 2.12.2024

அன்புத் தங்கைக்கு,

நான்கு மாதமாக உன் கடிதம் இல்லை. தபாலில் தவறிப்போயிற்றோ என்னவோ. வளவனிடம் கேட்டால், கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விடுகிறான். ஒரு கார்டாவது போடு. இரண்டு வரி போதும்.

பக்தவச்சலம்


முருகா சரணம்
புசாவல், 10.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்துத் திகைக்காதீர்கள். நாங்கள் இங்கே திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று வளவனிடம் நான்தான் சொன்னேன். அவனைக் கோபிக்காதீர்கள்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு மூச்சு முட்டியது. தட்டோடு சரிந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். "எந்த நகரும்மா?" என்று கேட்டார்கள். சொன்னேன். அந்த ரோட்டில் அதே பெயரில் இன்னொரு நகர் இருக்கிறதாம், அதே போல வளைவு, அதே யானை. வண்டி அங்கே போய் நின்றுகொண்டு, "வீட்டையே காணோமே" என்று எனக்குப் போன் செய்கிறது. நான் வாசலில் நின்று கத்தினேன் அண்ணா. ஒரு வாசல் திறந்திருந்தால் ஒரு மனிதர் வந்திருப்பார். கல்லைப் பார்த்துத்தான் கத்தினேன். ஆறுமுகம் ரோட்டுக்கு ஓடி, சிமெண்ட் லாரி ஒன்றைக் குறுக்கே விழுந்து நிறுத்தினார். மூட்டைகளின் மேல் படுக்கவைத்துத் திருவள்ளூர் கொண்டுபோனோம்.

பிழைத்துவிட்டார். வலது கை மட்டும் வரவில்லை. பேச்சுத் திரும்பியதும் முதலில் சொன்னது, "புசாவல் போயிடலாம் தேவி. அங்க ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு." அந்த ஊரில் நான் பிறந்தேன், அங்கே அவர் சாகப் பயப்படுகிறார்.

அரக்கோணத்தில்தான் ரயில் ஏறினோம். உங்களைப் பார்க்காமல் போகிறோமே என்று பிளாட்பாரத்தில் நினைத்தேன். பார்த்தால் ஏறியிருக்க மாட்டேன். இங்கே குவார்ட்டர்ஸ் இல்லை, பின்வாசல் வழியாகப் போகிற ஓர் அறைதான் வாடகைக்குக் கிடைத்தது. அங்கே நாங்கள் வாங்கிய வீட்டை விற்கச் சொல்லியிருக்கிறேன். "மனைதான் அத்தே கேக்கறாங்க, வீட்டை யாரும் கேக்கல" என்கிறான் வளவன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சாவி அவனிடம் இருக்கிறது. தைக் கிருத்திகை அன்று மட்டும் அவனை அழைத்துப் போகச் சொல்லி, அந்த வீட்டைத் திறந்து ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வாருங்கள். சாமி மாடத்தில் எண்ணெய் இருக்கிறது.

இனி நான் அந்தப் பக்கம் வருவேனா என்று கேட்காதீர்கள்.

தேவயானி


முருகன் துணை
திருத்தணி, 9.2.2025

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார் என்பதை முதலில் படித்து, பிறகு மற்றதைப் படித்தேன். கையை நீவிவிடு. சூட்டு ஒத்தடம் கொடுக்காதே.

நீ சொன்னபடி கிருத்திகை அன்று வளவன் வண்டியில் போனேன். உன் வீட்டை அன்றுதான் முதலில் பார்த்தேன். நல்ல வீடு. அவன் சாவி போட்டுத் திறந்தான். நான் கூட்டினேன். ஜன்னலைத் திறந்தேன். நீ விட்டுப்போன கோலப்பொடி இருந்தது. எனக்குத் தெரிந்த நான்கு புள்ளி வைத்து வாசலில் இழுத்தேன். விளக்கேற்றி, உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சொல்லி வேண்டிக்கொண்டு, வாசற்படியில் வந்து உட்கார்ந்தேன். காற்று உண்மையாகவே நன்றாக இருந்தது.

அப்போது ஒரு கார் வந்தது. சென்னைக்காரர்கள், கணவன் மனைவி, கைக்குழந்தை. மனை பார்க்க வந்திருக்கிறார்கள். வளவன் எழுந்து போய் அவர்களோடு பேசினான். நம் வீட்டைக் காட்டினான், கோலத்தைக் காட்டினான், என்னைக் காட்டினான். அந்தப் பெண் என் அருகில் வந்து குனிந்து ஏதோ கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு மரியாதை. என்ன கேட்டாள் என்று தெரியவில்லை. செவிடன் என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. "ஆங், ஆங்" என்று தலையாட்டினேன். அவள் சிரித்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினாள்.

திரும்பும்போது அவர்கள் என்ன கேட்டார்கள் என்று வளவனிடம் கேட்டேன். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, போனில் எழுதிக் காட்டினான்.

"ஐயா, இங்க குடும்பமா இருக்கீங்களா? தைரியமா வரலாமான்னு கேட்டாங்க நைனா. அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

உன் அண்ணன்
பக்தவச்சலம்